சுற்றிப் போனால் மூன்று கிலோமீட்டர்

போத்தனூரைத் தாண்டி, செங்காந்தள் நகர் மூன்றாவது தெருவின் கடைசி வீட்டை விமலாராணிக்கு விற்றவர் யாரோ, அவர் அந்தப் பெண்மணியைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் விற்றிருக்க வேண்டும். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்று தெரியாவிட்டால் தொண்டையில் காபி இறங்காத ஒரு ஜீவனை, ஆள் நடமாட்டமே இல்லாத முட்டுச் சந்தின் முடிவில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அது பாவமில்லையா. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெரிவது ஒரு சுவர். தெருவின் முப்பதடி அகலத்தையும் அடைத்துக்கொண்டு, பூச்சுக்கூட இல்லாமல் நிற்கும் ஆறடிச் சுவர். காலையில் குப்பை வண்டி, மாதம் ஒருமுறை சிலிண்டர் வண்டி, போனில் வழி பார்த்து வந்து சுவரைத் திட்டிவிட்டுத் திரும்பும் டெலிவரிக்காரர்கள். அவளுக்கு வாய்த்த போக்குவரத்து அவ்வளவுதான்.

இத்தனைக்கும் முப்பத்து நாலு வருஷம் அந்தப் பகுதி முழுக்கத் தபால் கொடுத்தவள். முதலில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டி. ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கு அவள் போஸ்ட்டக்காதான். யார் வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது, யாருடைய மருமகன் பணவிடை அனுப்புவதை நிறுத்தினான் என்பதையெல்லாம் உறையைப் பிரிக்காமலே தெரிந்துகொண்ட கை அது.

பதினோரு வருஷத்துக்கு முன்பு குடிவந்த முதல் வாரம், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் தன் சம்பந்தி வீட்டுக் கதையைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. முக்கியமான இடத்தில் போன் கட்டாகிவிட்டது. மீதி தெரியாமல் எப்படித் தூங்குவது? இனி யாரும் மாவாட்டப் போவதில்லை என்று மூலையில் கிடந்த ஆட்டுக்கல்லைச் சுவரோரம் உருட்டிப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, "ஏனுங்க, அப்புறம் அந்தப் புள்ள என்னதான் சொல்லுச்சு?" என்று கேட்டாள் விமலாராணி.

சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. கோபித்துக்கொள்ளவில்லை. "அதையேன் கேக்கற அம்மணி" என்று ஆரம்பித்தது. அதுதான் முத்தாத்தாள். அந்தப் பக்கத்து லேஅவுட்டான வெள்ளிமலை கார்டனில் சுவரை ஒட்டிய முதல் வீட்டுக்காரி. கவிழ்த்த நீல டிரம் ஒன்றின்மேல் நின்றிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்குச் சுவருக்கு மேல் இரண்டு தலைகள். மழை பெய்தால் இரண்டு குடைகள். முத்தாத்தாளின் சேலைக் கரை என்ன நிறம் என்று விமலாராணி பார்த்ததில்லை. ஆனால் அவள் பிறந்த வீட்டில் எந்த வருஷம் யார் யாரிடம் பேச்சை நிறுத்தினார்கள் என்பது மாதத்தோடு தெரியும். நேரில் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். மெயின் ரோட்டில் ஏறி, ரயில் தண்டவாளத்தை ஒட்டித் திரும்பி, கல்யாண மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு போனால் மூன்று கிலோமீட்டர். தும்மினால் கேட்கும் வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போவதா?

இந்தக் கார்த்திகையில் முத்தாத்தாளுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. டிரம் ஏறுவது முடிந்து போயிற்று. நாலு மணிக்கு விமலாராணி ஆட்டுக்கல்லில் ஏறி நின்றால் எதிரே தலை இல்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். அதிலும் பாதியை டிவி தின்றுவிடும்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆட்டோவில் சுற்றிக்கொண்டு பார்க்கப் போனாள். முத்தாத்தாள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். அங்கேயும் தலைதான். மகன் அருள்குமார் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். பனியன் கம்பெனி, பதினோராவது மாடி ஃபிளாட், நல்ல பிள்ளை.

"அம்மாவை இனித் தனியா உடறதுக்கில்லீங்கக்கா" என்றான். "மார்கழில ஊடு மாத்தக் கூடாது. தை பொறந்ததும் கூட்டிட்டுப் போயிடறேன். கூப்பிட்ட கொரலுக்கு ஓடியாற தூரத்துல ஒரு ஆளிருந்தா நான் ஏனுங்க இதைச் செய்யறேன்?"

"நான் இருக்கறனே சாமி."

"நீங்க மூணு கிலோமீட்டர்ல இருக்கறீங்க."

முத்தாத்தாள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராவது மாடியில் யார் வீட்டுக் கதை யாருக்குக் கேட்கும் என்று யோசித்தபடியே விமலாராணி ஆட்டோவில் திரும்பினாள். தைக்கு ஆறு வாரம் இருந்தது.

ரித்திகா வந்தது அதற்கு மூன்றாம் நாள். நகரமைப்புப் படிக்கிற பெண். முதுகில் பை, கையில் லேப்டாப். தெரு முனையிலிருந்து சுவர்வரை நடந்து வந்து சுவரைப் போட்டோ எடுத்தாள். சுவரை ஒருத்தி போட்டோ எடுக்கிறாள் என்றால் கேட்காமல் இருக்க முடியுமா? விமலாராணி கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். அடுத்த பத்து நிமிஷத்தில் அந்தப் பெண்ணின் ஊர், அப்பா வேலை, அக்காவுக்கு வரன் பார்ப்பது எல்லாம் வெளியே வந்தன. பதிலுக்கு முத்தாத்தாளின் முழங்கால் கதை உள்ளே போயிற்று. கடைசியில்தான் வந்த விஷயம் வந்தது.

"எந்தத் தெரு எந்தத் தெருவோட சேருது, எது முட்டி நிக்குது, அது வருஷா வருஷம் எப்படி மாறியிருக்குன்னு பாக்கறேனுங்க ஆன்ட்டி" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "இது தொண்ணூத்தொண்ணு. தெருவே கம்மி. ஆனா ஒண்ணுல நுழைஞ்சா இன்னொண்ணுல வெளிய வந்துடலாம். இது ரெண்டாயிரத்து நாலு. இது இப்போ. தெரு ஏழு மடங்காயிருச்சுங்க. ஒவ்வொரு லேஅவுட்டும் தனித்தனியா ஒரே வாசலோட நிக்குது. இந்தச் சிவப்புப் புள்ளியெல்லாம் முட்டுச் சந்து."

"அம்மை போட்டாப்ல இருக்குது கண்ணு."

"அம்பத்தெட்டுங்க."

விமலாராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். படத்தில் இருந்தது முப்பத்து நாலு வருஷம் அவள் மிதித்த பாதை. "இது தப்பு" என்று விரலை வைத்தாள். "இந்தத் தெரு ரெண்டாயிரத்து ஆறுல தொறக்கலை. மூணுல. மண்டபத்துக்காரங்க கல்யாண வண்டி போறதுக்குத் தொறந்துவிட்டாங்க. இதா, இது தெருவே இல்ல, இட்டேரி. ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல மாட்டு வண்டி போற தடம். நான் சைக்கிள்ல இப்படிப் பூந்து அப்படிப் போயிருவேன். அன்னிக்கு ஒரு ரவுண்டு முடிக்க ஒண்ணரை மணி நேரம். ரிட்டயர் ஆகறப்ப அதே ரவுண்டு நாலு மணி நேரம். எனக்கு வயசாயிருச்சுன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. போன தெருவுலயே திரும்பி வந்தா நேரமாகாதா?"

ரித்திகா வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, ஏதோ நினைத்தவள்போல, படத்தைப் பெரிதாக்கி மூன்றாவது தெருவின் சுவர்மேல் ஒரு சின்னக் கோடு போட்டாள். "இது இல்லேன்னு வெச்சுக்கோங்க ஆன்ட்டி."

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் படம் முழுக்க நிறம் மாறியது. இரண்டு சிவப்புப் புள்ளிகள் காணாமல் போயின. கரும்பழுப்பாகக் கிடந்த தெருக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சைக்கு வந்தன, விளக்குப் போட்டதுபோல. "முந்நூத்திப் பன்னெண்டு வீட்டுக்குத் தூரம் குறையுது" என்றாள் ரித்திகா. அவள் குரலிலேயே ஆச்சரியம் இருந்தது. "உங்க வீட்டுலேருந்து அந்தப் பாட்டியம்மா வீட்டுக்கு ரெண்டு புள்ளி ஒம்பது கிலோமீட்டர் இருந்தது. இப்போ நாப்பத்தோரு மீட்டர்."

"இன்னொருக்கா எடுத்துக் காட்டு."

காட்டினாள். நாலு முறை காட்ட வேண்டியிருந்தது. நாலாவது முறை விமலாராணி தானே பொத்தானை அமுக்கினாள். பச்சை வந்ததும் கையைத் தட்டினாள். அறுபத்து மூன்று வயதில் அவள் கை தட்டியதைப் பார்த்த அண்டை வீட்டார் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்றைக்கே அந்தப் படத்தை அச்செடுத்து வாங்கிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த பொறியாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "நாங்களும் கேட்டுத்தானுங்க இருக்கறோம். ரோட்டுக் கடைசில ஓரடி நிலம் தனியாள் பேர்ல நிக்குது. அதை மாநகராட்சிக்குத் தானமா எழுதிக் குடுத்துட்டா அடுத்த நாளே ஜேசிபி அனுப்பறேன்" என்றார்.

அந்த ஓரடி யாருடையது என்பதற்கு ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தெருவின் முதல் வீட்டு ஈஸ்வரமூர்த்தியே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். செங்காந்தள் நகர் அவருடைய தென்னந்தோப்பு. தொண்ணூற்றெட்டில் மனை பிரித்தபோது, தெரு முடியுமிடத்தில் குறுக்காக ஓரடி நிலத்தைத் தன் பேரிலேயே நிறுத்திக்கொண்டார். அப்படிச் செய்தால் பக்கத்து நிலத்துக்காரர் தன் பாதையைக் கொண்டுவந்து நம் தெருவில் சேர்க்க முடியாது. மனை போடுகிறவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். பக்கத்து நிலத்துக்காரர் யாரென்றால், அவருடைய பங்காளி அண்ணன் நாச்சிமுத்து. முத்தாத்தாளின் கணவர். போய்ச் சேர்ந்து பதிமூன்று வருஷமாகிறது.

பங்காளிகளுக்குள் பேச்சு நின்றதன் காரணம் இன்னும் பிரமாதம். ஈஸ்வரமூர்த்தியின் மகன் கவினுக்குக் காதுகுத்து. பங்காளி வீட்டுக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டாமா? நாச்சிமுத்து வீட்டுக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. அதுவும் தாலுகா, பின்கோடு எல்லாம் எழுதி, ஏதோ அசலூர்க்காரனுக்கு அனுப்புவதுபோல. வீடு இரண்டு வயல் தள்ளி. காதுகுத்துக்கு அவர்கள் வரவில்லை. சீர் வரவில்லை. ஓரடி வந்தது.

அந்தப் பத்திரிகையைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தது யாரென்று நினைக்கிறீர்கள்? அதே விமலாராணிதான். ஓரத்தில் மஞ்சள் தடவிய உறை. அனுப்புநர் பெயரைப் பார்த்துவிட்டு, நாச்சிமுத்துவின் முகம் எப்படிப் போகிறதென்று பார்ப்பதற்காகவே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு நின்றவள். அந்த வீட்டில் தபால் வாங்குவது எப்போதும் அவர்தான்; முத்தாத்தாளை அவள் பார்த்ததே இல்லை.

ஈஸ்வரமூர்த்தி அவளை மோர் கொடுத்து உட்கார வைத்தார். படத்தைப் பார்த்தார். பச்சையைப் பார்த்தார். "கலர் நல்லாத்தானுங்க இருக்குது, போஸ்ட்டம்மணி" என்றார்.

"ஏனுங்ணா, உங்களுக்கும் நல்லதுதானுங்களே. மத்தியானம் மூணரைக்கு டிவிஎஸ்ல கெளம்பி எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியாதா? வெள்ளிமலை கார்டன் முக்குல இருக்கற பேக்கரி. தேங்காய் பன் சூடா எடுக்கற நேரம். அந்த ஒரு பன்னுக்குப் போக மூணு கிலோமீட்டர், வர மூணு கிலோமீட்டர்."

அவர் மோரைக் குடித்தார். "சக்கரை இருக்குதுன்னு ஊட்டுல திங்க உடமாட்டேங்கறாங்க. இதை ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

"ஓரடியக் குடுத்துப்போடுங்க, சொல்லலை."

"அதெப்படிங்க? அவிய வந்து கேக்கட்டும். நாச்சிமுத்து இருந்தப்பவே கேக்கலை." கொஞ்சம் யோசித்துவிட்டு, நாள் கடத்த ஒரு வழியும் கண்டுபிடித்தார். "எதுக்கும் மொதல்ல அளந்து பாக்கட்டும். அளக்காம எழுதிக் குடுக்க முடியுமுங்களா?"

விடுவாளா விமலாராணி? மனு எழுதுவதும் அதைப் பதிவுத் தபாலில் அனுப்புவதும், ஒப்புகை அட்டை வந்ததா என்று பார்ப்பதும் அவளுக்குப் புதிதா. வாரம் இரண்டு மனு போட்டாள். இடையில் நாலு மணிக்கு ஆட்டுக்கல்லில் ஏறி, ஜன்னலில் விழும்படி சத்தமாக ஈஸ்வரமூர்த்தியைத் திட்டினாள். ஓரடி மண்ணைத் தலைக்கு வைத்துப் படுப்பாரா, செவுரு கட்டிச் சொந்தத்தைப் பிரிச்ச மகராசன் என்றெல்லாம். உள்ளேயிருந்து முத்தாத்தாளின் "அப்படிச் சொல்லு" மட்டும் தெளிவாகக் கேட்கும்.

மார்கழி இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை சர்வேயர் சத்தியசீலன் வந்து சேர்ந்தார். மூன்றாவது தெருவே வேலைக்குப் போகாமல் நின்றது. ரித்திகா வகுப்புக்கு மட்டம் போட்டு வந்திருந்தாள். ஈஸ்வரமூர்த்தி வெள்ளை வேட்டி கட்டி, தன் நிலத்தை அளப்பதைப் பார்வையிடும் தோரணையில் நின்றார்.

சத்தியசீலன் முதலில் சாக்கடை ஓரம் தோண்டி எல்லைக்கல்லைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து டேப் பிடித்தார். கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தார். மறுபடி டேப் பிடித்தார். பிறகு ஆட்டுக்கல்லின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பில் கோடு போட்டார். "இதுதானுங்க ஐயாவோட ஓரடி. இங்க ஆரம்பிச்சு இங்க முடியுது."

இரண்டாவது கோடு சுவருக்கு இந்தப் பக்கமே முடிந்துவிட்டது.

"அப்போ செவுரு?" என்றாள் விமலாராணி.

"செவுரு இவருதில்லீங்க. அதுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஓரடி தனி உட்பிரிவா இருக்குது. அதுக்குள்ள நிக்குது."

கூட்டம் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தது. அவர் தென்னை மரத்தில் குரும்பை பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எப்பங்க செவுரு கட்டுனேன்னு சொன்னேன்?" என்றார் மெதுவாக. "ஊரு சொல்லுச்சு. ஒரு கல்லு செலவில்லாம பேரு வந்துச்சு. வேண்டாம்பாங்களா?"

"சரி, அந்த ஓரடி யாருதுங்க சார்?"

சத்தியசீலன் டேப்லெட்டில் விரலால் நகர்த்தினார். "முத்தாத்தாள், கணவர் பெயர் நாச்சிமுத்து."

விமலாராணி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு வருஷம் தாடையை வைத்துக் கதை பேசிய சுவர். அது முத்தாத்தாள் பேரில் இருக்கிறது. ஊரில் எந்த வீட்டுப் பத்திரம் எந்த அலமாரியில் என்று தெரிந்த போஸ்ட்டக்காவுக்கு இது தெரியவில்லை. ஆட்டுக்கல்லில் ஏறினாள்.

"அக்கா, கேட்டுச்சுங்களா?"

முத்தாத்தாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாக்கரைப் பிடித்தபடி சுவருக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தாள். தலை தெரியவில்லை. குரல் மட்டும் மேலே வந்தது. "கேட்டுச்சு. அந்த ஓரடி என்ற பேர்லதான் நிக்குது. செவுரு என்ற ஊட்டுக்காரரு கட்டுனது."

"பதினோரு வருசமா ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீ கேட்டியா? வந்த அன்னைக்கே ஈஸ்வரன் கட்டுன செவுருன்னு நீயே முடிவு பண்ணி, நீயே திட்ட ஆரம்பிச்சுட்டே. கேக்க நல்லா இருந்துச்சு. எதுக்கு நிறுத்தோணும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். விமலாராணி சிரிக்கவில்லை. "தை பொறந்தா நீங்க போயிருவீங்க. அது தெரிஞ்சும் கம்முனு இருந்தீங்களே."

அந்தப் பக்கம் வாக்கர் ஒருமுறை தரையில் தட்டியது. "அவரு கண்ணை மூடறதுக்கு முன்னால சொல்லிட்டுப் போனாரு. அவன் ஓரடி உட்டா நாமளும் ஓரடி உடலாம், அவன் நேர்ல வந்து கூப்பிடட்டும்னு. நான் அதை மீறட்டுமா?"

"நேர்ல நான் ஏனுங்க போகோணும்?" என்றார் ஈஸ்வரமூர்த்தி, சுவரைப் பார்த்தல்ல, சர்வேயரைப் பார்த்து. "அந்தப் பத்திரிகையை நானா தபால்ல போட்டேன்? தட்டெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். என்ற மச்சினன் அசலூருக்குப் போற கட்டோட அதையும் ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டில போட்டுட்டான். நான் தட்டோட கெளம்பறேன், தபால் போய்ச் சேந்துருச்சுங்கறாங்க. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?"

இருபத்தேழு வருஷம். விமலாராணி ஆட்டுக்கல்லில் நின்றபடியே கேட்டாள்: "இதை அவங்ககிட்டச் சொன்னீங்களாண்ணா?"

"அவிய கேக்கலீங்களே."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் ஆட்டுக்கல் ஆடியது. "போஸ்ட் பண்ணுனது தப்புன்னா கொண்டுபோய்க் குடுத்த என்ற மேலயும் பாதி தப்பு. அன்னைக்குக் காலையில போட்டதை மத்தியானமே குடுத்தேன். ஒரு நாள் தாமதம் பண்ணியிருந்தா இந்தச் செவுரே வந்திருக்காது. அவ்வளவு ஒழுங்கா வேலை பாத்து என்ன பிரயோசனம். அக்கா, அவரு சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றது குரல். "செவுத்துக்கு மேல சொல்றதும் தபால்ல போடறதும் ஒண்ணுதான். வாசல்ல வந்து சொல்லச் சொல்லு."

எல்லாரும் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார்கள். எழுபத்து நாலு வயசு. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். தெரு முனைக்கு நடந்தார். அவ்வளவுதான், கோபித்துக்கொண்டு போகிறார் என்று விமலாராணி நினைத்தாள். ஒரு நிமிஷம் கழித்து அவர் வீட்டு வாசலில் டிவிஎஸ் உதைத்துக் கிளம்பும் சத்தம். அது மெயின் ரோட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது.

"கெளம்பிட்டாரு" என்றாள் ரித்திகா. போனை எடுத்து நேரத்தைப் பார்த்தாள். "ரெண்டு புள்ளி ஒம்பது. அவர் ஓட்டற வேகத்துக்குப் பத்து நிமிஷம்."

ஒருவரும் நகரவில்லை. சர்வேயர் டேப்பைச் சுற்றி முடித்துவிட்டும் போகவில்லை. நாலு பெண்கள் தங்கள் வீட்டு ஸ்டூல்களைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டுக்கொண்டார்கள். முத்தாத்தாளை வாசல் நாற்காலியில் போய் உட்காரச் சொல்லி விமலாராணி மேலேயிருந்து உத்தரவிட்டாள். பத்து நிமிஷம் ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று.

"ரயில் கேட்டு மூடியிருக்குமோ" என்றார் ஒருவர்.

"மனசு மூடியிருக்கும்" என்றார் இன்னொருவர்.

பதினான்காவது நிமிஷம் டிவிஎஸ் சத்தம் மறுபக்கம் கேட்டது. மூன்றாவது தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்தது. "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்று விமலாராணி கீழே நிற்பவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். "பேக்கரிகிட்ட நிறுத்தியிருப்பாரு போல, கையில கவர் இருக்குது. வண்டிய ஸ்டாண்டு போடறாரு. தட்டு எடுக்கறாரு. வெத்தல இருக்குது. பாக்கு இருக்குது. வாழப்பழம். கவரைப் பிரிச்சுத் தட்டுல வெக்கறாரு."

"என்னது?"

"தேங்காய் பன்."

"எத்தனை?"

"சும்மா இருங்க. பேசறாரு."

அவர் குரல் இங்கே கேட்டது. இருபத்தேழு வருஷம் வாயில் வராத அண்ணி முறை, "நங்கியா" என்று வந்தது. "நாளன்னைக்கு வெள்ளிக்கெழம. பத்திர ஆபீசுக்கு நீங்க வரோணுமுங்க. நேர்ல வந்து கூப்பிடறேன்."

முத்தாத்தாள் உடனே தட்டை வாங்கவில்லை. அவளும் விட்டுக் கொடுக்கிறவள் இல்லை. "காதுகுத்துக்கு?" என்றாள்.

"கவினுக்கே இப்ப ஒரு புள்ளையிருக்குதுங்க. அதுக்கு வைகாசில குத்தறோம். அதுக்கும் நேர்ல வாரேன்."

தட்டு கை மாறியது. மூன்றாவது தெருவில் எழுந்த சத்தத்தில் காக்கைகள் பறந்தன. விமலாராணி ஸ்டூல்காரப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டதில் இருவரும் ஒரே சமயத்தில் கீழே இறங்க வேண்டியதாயிற்று.

அதோடு முடிந்துவிட்டதா என்றால், பத்திரம் எழுதும்போது யார் பேர் முதலில் என்று ஒரு மணி நேரம் ஓடியது. மார்கழியில் பத்திரம் பதியலாமா என்று அதற்கு முன்பு அரை மணி. "வாங்கறதா விக்கறதா? தானந்தானுங்க. மார்கழில தானம் குடுத்தா புண்ணியம், எங்க பங்குச் சாமியாரைக்கூடக் கேட்டுட்டேன்" என்று விமலாராணி சமாளித்தாள். பங்குச் சாமியாருக்கும் மார்கழிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிக்கவில்லை. பேர் விஷயத்தையும் அவளே தீர்த்தாள். ஒரே பத்திரம். பேர் வரிசையில் ஈஸ்வரமூர்த்தி முதலில், சொத்து வரிசையில் முத்தாத்தாளின் நிலம் முதலில். இரண்டு பேரும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று நம்பிக்கொண்டு கைரேகை வைத்தார்கள்.

கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் ஜேசிபி வந்தது. இருபத்தாறு வருஷம் நின்ற சுவர் பதினோரு நிமிஷத்தில் விழுந்தது. ரித்திகா நேரம் குறித்தாள். தூசி அடங்கியதும் அந்தப் பக்கத்துத் தெரு தெரிந்தது. தெரு, அதற்கப்பால் இன்னொரு தெரு, முக்கில் பேக்கரி, அதற்கும் அப்பால் ஏதோ ஒரு மஞ்சள் வீடு. விமலாராணி பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த மஞ்சள் வீடு யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. அந்த நினைப்பே அவளுக்கு இனித்தது.

ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டியது மறுநாள் மத்தியானம். மூன்றரை மணிக்கு முதல் வண்டி கடந்தது. ஈஸ்வரமூர்த்தியின் டிவிஎஸ். அடுத்த கால் மணி நேரத்தில் பதினேழு பைக், இரண்டு ஆட்டோ, ஒரு கம்பெனி வேன். நாலாவது தெருவின் லோகப்பிரியா, போத்தனூரில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, யாரோ ஒரு பிள்ளையாண்டானின் வண்டியில் எதிர்த்திசையில் போனாள். விமலாராணி நாற்காலியை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டாள். பக்கத்தில் இன்னொன்றும் போட்டாள்.

நாலு மணிக்கு, அந்தப் பக்க வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வாக்கரோடு ஒரு பெண் வந்தாள். பின்னால் அருள்குமார், கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டு. விமலாராணிக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. முத்தாத்தாள் இவ்வளவு குள்ளமா! டிரம்மின் உபயத்தில் பதினோரு வருஷமும் அவளை நெட்டையென்றே நினைத்திருந்தாள். சேலைக் கரை மாம்பழ மஞ்சள். காலில் ரப்பர் செருப்பு.

நாற்பத்தோரு மீட்டரை அவள் ஏழு நிமிஷத்தில் நடந்தாள். வழியில் இரண்டு பைக்குகளை நிறுத்தித் திட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

அருள்குமார் இரண்டு வீட்டுக் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, அம்மாவுக்கு ராத்திரி ஏதாவதுன்னா…"

"கொரல் குடுத்தா வந்துருவேன் சாமி. செருப்புக்கூட வேண்டாம்."

அவன் தலையைச் சொறிந்தான். "சரிங்க. தைக்கு நான் மட்டும் போறனுங்க."

முத்தாத்தாள் அதைக் காதில் வாங்கினதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு விமலாராணியின் பக்கம் சாய்ந்தாள்.

"சித்த முந்தி ஒரு பொண்ணு வண்டில போனாளே, அது ஆரு?"

"அதையேன் கேக்கறீங்க" என்று விமலாராணி நாற்காலியை நெருக்கமாக நகர்த்தினாள்.